குரூஸ் அய்யாவின் படகு

மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தால் நான் கொல்லைப்பக்கம் போய்விடுவேன். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. என்ன பேசுவது என்று தெரியாது, அவ்வளவுதான். மாமனாரும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது எங்கள் குடும்பங்களில் வழக்கமும் இல்லை. அந்த வழக்கத்தை முதலில் கொண்டுவந்தவர் என்னைப் போன்ற ஆளாகத்தான் இருந்திருக்க வேண்டும். மாப்பிள்ளையும் எனக்குச் சளைத்தவர் அல்ல. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருமுறை நாங்கள் தாள் கிழிக்க மறந்து அது போன வாரத்திலேயே நின்றுவிட்டிருந்தது. அதையும் அதே மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம வூட்டுக்கு வந்து அந்தப் புள்ள நல்ல நாளு கெட்ட நாளு எல்லாம் மனப்பாடம் பண்ணிடுச்சி" என்று என் மனைவி சொல்வாள்.

அவர் ஊர் சேத்தியாத்தோப்புப் பக்கம். நெல் விளைகிற ஊர். அங்கிருந்து போய், கடலூருக்கு அப்பால் ஆறு கடலில் சேருகிற இடத்தில் இருக்கும் ஒரு படகு கிளப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பாய்மரப் படகுகளைக் கழுவுவது, பாய்களைக் காயவைத்து மடிப்பது, கயிறுகளைச் சுருட்டுவது. நிரந்தர வேலை இல்லை. வேலையாட்களோடு ஒரே அறையில் படுத்துக்கொண்டு சனிக்கிழமை ஊருக்கு வருவார். என் மகள் மாமியார் வீட்டில் சனிக்கிழமைக்காகக் காத்திருப்பாள். கிளப்பில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போயிருந்தார். அந்த இடம் கிடைத்தால் வேலை நிரந்தரம், கிளப்புக்குள்ளேயே ஒரு சின்ன வீடும் உண்டு. என் மகள் அந்த வீட்டை ஒருமுறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து, அடுப்பை எந்தப் பக்கம் வைப்பது என்பது வரை முடிவு செய்துவிட்டாள். கிளப் செக்ரட்டரிதான் இன்னும் முடிவு செய்யவில்லை.

அந்தச் சமயத்தில் கிளப்பின் வருடாந்தரப் போட்டி வந்தது. எப்போதும் கொடுக்கிற பித்தளைக் கோப்பைகள் வேண்டாம், தங்கள் படகையே சின்னதாகப் பீங்கானில் செய்து கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று செக்ரட்டரி பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை, என்ன தைரியமோ, எங்க மாமா விருத்தாசலத்துல அதே வேலதாங்க செய்யறாரு, அவருக்குத் தெரியாத பொம்ம இல்லிங்க என்று சொல்லிவிட்டார். சரி, செய்துகொண்டு வா, ஸ்டோரைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று செக்ரட்டரி சொல்லிவிட்டார்.

ஆக, என் மகளின் அடுப்பு எந்தப் பக்கம் எரியும் என்பது என் கைக்கு வந்து சேர்ந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு மண் வேலைக்கு வந்தவன். பீங்கான் பொம்மை செய்கிற யூனிட்டில் எனக்கு அச்சு எடுக்கும் வேலை. பிள்ளையார், யானை, கிளி, பூச்சாடி, எது கேட்டாலும் பிளாஸ்டரில் அச்சு எடுப்பேன். அச்சுக்குள் மண் குழம்பை ஊற்றி, ஓரமெல்லாம் மண் சுவர் போலப் பிடித்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு, இறுகியதும் பிரித்து எடுக்க வேண்டும். அச்சு பேசாது. அதனால் எனக்கும் அதற்கும் ஒத்துப்போயிற்று. ஆனால் படகு நான் செய்ததில்லை. படகைப் பக்கத்தில் பார்த்ததும் இல்லை.

மாப்பிள்ளை என்னைப் போனில் கூப்பிட்டார். வழக்கமாக நான் எடுத்தால் சாப்பிட்டீர்களா என்பார், ஆயிற்று என்பேன், போன் என் மனைவியின் கைக்குப் போய்விடும். அன்று அவர் நிறையப் பேச வேண்டியிருந்தது. பாவம், எழுதி வைத்துக்கொண்டு படிக்கிறவர் போல ஒரே மூச்சில் சொன்னார்.

"ஒடம்பு ஒன்னுதாங்க மாமா. அதுல ரெண்டு தினுசு. ரேஸுக்கு ஒரு டஜனு, குரூஸுக்கு ஒரு டஜனு. ரேஸுக்கு கீலு ஒன்னுதான், ஆழமா எறங்கணும். குரூஸுக்கு ஆழம் வேணாங்க, ரெண்டா பிரிஞ்சி கட்டையா இருக்கணும். பாய்மரமும் ரேஸுக்கு ஒசரம், குரூஸுக்குக் குள்ளம்."

"சரிங்க மாப்ள" என்றேன்.

கீல் என்றால் எங்களுக்குக் கதவில் இருப்பது. படகுக்கு எதற்குக் கதவுக் கீல் என்று கேட்டிருக்கலாம். மாப்பிள்ளையிடம் போய்த் தெரியாது என்று எப்படிச் சொல்வது? நமக்குத் தெரியாத பொம்மை இல்லை என்று அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். மாப்பிள்ளை செல்போனில் அனுப்பிய படங்கள் வந்ததும் கீல் விளங்கிவிட்டது. படகின் வயிற்றுக்கு அடியில், தண்ணீருக்குள் மீன் துடுப்பு போல நேராக இறங்கி நிற்கும் பலகைக்குப் பெயர் அது. ரேஸ் என்பதிலும் குழப்பமில்லை. போட்டி. மாட்டு வண்டி ரேஸ் பார்க்காதவனா நான்.

குரூஸ் என்பதிலும் எனக்குக் குழப்பமே இல்லை. அதுதான் வினை. எங்கள் ஊர் ரயில்வே ஜங்ஷன். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு குரூஸ் சார் வருடா வருடம் எங்கள் யூனிட்டுக்கு வந்து கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஆட்டுக்குட்டி பொம்மை வாங்கிப் போவார். அந்தப் பெயரில் கடற்கரைப் பக்கம் இன்னும் நிறையப் பேர் இருப்பார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆகவே கிளப்பில் ஒரு குரூஸ் சார் இருக்கிறார், பெரிய மனிதர், பாதிப் படகு அவருக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

யூனிட்டில் வர்ணம் தீட்டும் அக்காவிடம் படங்களைக் காட்டினேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவர் பேசிவிடுவார். முதல் படத்தில் இருந்த ரேஸ் படகுக்கு உள்ளே ஒன்றுமில்லை, வெறும் கூடு. மேலே பனைமரம் போலப் பாய்மரம். இரண்டாவது படத்தைப் பார்த்ததும் அக்கா செல்போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். உள்ளே கட்டில்கள், ஒரு மேசை, அடுப்பு, மூலையில் கக்கூஸ்கூட வரைந்திருந்தது.

"ரேஸுக்குப் போறவன் குந்தறதுக்குப் பலகை இல்ல. இந்த மனுசனுக்குப் பாரு, தண்ணிக்கு நடுவுல ஒரு வூடு. யாருப்பா இந்தக் குரூஸு?"

"கிளப்புல பெரிய ஆளா இருப்பாருக்கா."

"வயசானவரு. பாய்மரத்தக் குள்ளமா கேக்குறாரு பாரு, வேகமா போனா தல சுத்தும். ஆழம் வேணாங்குறாரு, பயம். மூட்டு வலியும் இருக்கும், இல்லன்னா எதுக்கு இத்தினி கட்டிலு?"

ஒருவருக்கு எதற்கு ஒரு டஜன் என்று எனக்கு ஒரு சந்தேகம் வரத்தான் செய்தது. பெரிய மனிதர்கள் சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பார்கள் என்று அக்கா அதையும் தீர்த்துவைத்தார். வீட்டில் சொன்னபோது, அவர் மனைவியும் படகில் வருவாரா என்று என் மனைவி கேட்டாள். படத்தைப் பார்த்தேன். முன்பக்கத்துக் கட்டில் இரண்டு பேர் படுக்கிற அகலத்தில் இருந்தது. வருவார்கள் போலிருக்கிறது என்றேன். அவளுக்கு நிம்மதி.

நடுவில் மாப்பிள்ளை மூன்றாவதாக ஒரு படம் அனுப்பினார். அதில் கீல் ஒன்றுதான், ஆனால் ரேஸ் படகு அளவுக்கு ஆழமில்லை. நுனியில் முள்ளங்கி போல ஒரு குண்டு. பாய்மரமும் இரண்டுக்கும் நடுத்தரம். நான் கேட்காமலேயே போன் வந்தது.

"இது செய்ய வேணாங்க மாமா. ரெண்டுக்கும் நடுவுல இப்படியும் ஒரு தினுசு இருக்குதுன்னு பாக்கறதுக்கு அனுப்பினேன். இதுல ரேஸும் போலாம், குரூஸும் போலாம்."

குரூஸும் போகலாம்! அவர் ஆள்தான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மூட்டு வலி குறைந்திருக்கும் நாளில் குரூஸ் சாரும் போட்டிக்குப் போய்ப் பார்க்கிறார் என்று அக்காவிடம் சொன்னேன். "ஆச யார வுட்டுது" என்றார் அக்கா.

வேலையில் குரூஸ் சார் எனக்கு ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. உடம்புக்கு ஒரே அச்சு. அவருடைய குட்டைக் கீல் இரண்டையும் வயிற்றுக்கு அடியில் இரண்டு பக்கமும் குழம்பு தடவி ஒட்டினால், மேசைமேல் ஆட்டுக்குட்டி போலத் தானாக நின்றது. பீங்கான் வேலையில் முதல் கேள்வியே எது எதன்மேல் நிற்கும் என்பதுதான். பிள்ளையாருக்குப் பீடம், யானைக்கு நாலு கால், கிளிக்குக் கிளை. ரேஸ் படகுக்கு ஒன்றுமே இல்லை. ஒற்றைக் காலை ஆழமாக நீட்டிக்கொண்டு, நிறுத்தினால் சாய்ந்துவிடும். சூளையில் வைத்தால் சூட்டில் கீல் கோணிக்கொள்ளும். கடைசியில் படகுகளைக் குப்புறக் கவிழ்த்து, கீல் வானத்தைப் பார்க்கும்படி அடுக்கிச் சுட்டோம். நிற்பதற்குத் தச்சரிடம் சொல்லி மரத்தில் தாங்கி செய்து வாங்கினேன்.

பாய்கள் தனிக் கதை. படத்தில் பாய் தட்டையாக இருந்தது. நானும் தகடு போலத் தட்டையாகத்தான் செய்தேன். சூளையில் இருந்து வெளியே வந்தபோது ஒவ்வொன்றும் ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி இருந்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவற்றைப் படம் பிடித்து அனுப்பியதும், காத்து புடிச்ச பாயி இப்படித்தாங்க மாமா இருக்கும், எப்படிங்க செஞ்சீங்க என்று மாப்பிள்ளையிடம் இருந்து பதில் வந்தது. சரிங்க மாப்ள என்று போட்டேன்.

அப்புறம் எழுத்து. படகின் பின்பக்கம் ரேஸ் என்றும் குரூஸ் என்றும் தமிழில் எழுதச் சொல்லியிருந்தார்கள். ஊரில் செய்த பொருளில் ஊர் எழுத்து இருக்கட்டும் என்பது செக்ரட்டரியின் விருப்பமாம். அக்கா நீல வர்ணம் தொட்டு ரேஸ் என்று ஒரு டஜனையும் எழுதி முடித்தார். குரூஸ் சாரின் முதல் படகைக் கையில் எடுத்ததும் தூரிகை நின்றுவிட்டது.

"ரேஸுன்னு மொட்டையா எழுதலாம், அது போட்டி. வயசுல பெரிய மனுசன் பேரை எப்படிப்பா மொட்டையா எழுதறது? நாளைக்கு ஒம் மாப்பிள்ளையத்தான் சொல்லுவாங்க, மரியாத தெரியாத எடத்துல பொண்ணு எடுத்துருக்கான்னு."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. கல்யாணப் பரிசுகளுக்கெல்லாம் எங்கள் யூனிட்டில் அப்படித்தான் எழுதுவோம். ஆகவே ஒரு டஜன் படகிலும் இடம் பார்த்து, வளைவுக்கு ஏற்றபடி, அக்கா அழகாக எழுதினார்: உயர்திரு குரூஸ் அய்யா அவர்களுக்கு. அதற்குமேல் கண்ணாடி போல மினுக்கும் கிளேஸ் ஊற்றி மறுபடியும் சுட்டாயிற்று. கிளேஸுக்கு அடியில் போன எழுத்து அழியாது. படகை உடைத்தால்தான் போகும்.

போட்டி நாளன்று விடியற்காலையே வைக்கோல் சுற்றிய இரண்டு பெட்டிகளோடு பஸ் ஏறினேன். குரூஸ் சாருக்கென்று அக்கா தனியாக ஒரு டீக்கோப்பையும் கொடுத்தனுப்பியிருந்தார். படகு ஆடினாலும் கவிழாதபடி அடி அகலமாக நான் செய்தது. கடலூரில் மாறி, கிளப் வாசலில் இறங்கியபோது மாப்பிள்ளை ஓடிவந்து பெட்டிகளை வாங்கிக்கொண்டார். வாங்க மாமா என்றார். வரேங்க மாப்ள என்றேன். அத்தோடு இருவருக்கும் சரக்கு தீர்ந்துவிட்டது.

பாய் மடிக்கும் கொட்டகையில் பெட்டிகளைப் பிரித்தோம். ரேஸ் படகுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தாங்கியில் வைத்தார். முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. பிறகு இரண்டாவது பெட்டி. முதல் படகைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தார். அடுத்ததைப் படித்தார். அதற்கடுத்ததையும் படித்தார். ஒன்றிலாவது வேறு ஏதாவது எழுதியிருக்காதா என்று பார்த்தார் என்பது எனக்கு இப்போது விளங்குகிறது. அன்றைக்கு, எழுத்தின் அழகைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"நல்லா இருக்குதுங்க மாமா" என்றார். படகைப் பூப்போல வைக்கோலில் திரும்ப வைத்தார்.

அவர் மனம் குளிர்ந்திருப்பதாக எண்ணி, வாழ்க்கையில் முதல் தடவையாக நானாக அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன்.

"குரூஸ் சாரு வந்துட்டாருங்களா மாப்ள?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அங்கே காலண்டர் இல்லை.

"இன்னும் இல்லிங்க மாமா. வெளிய போயிருக்காருங்க."

மாமனார் சொன்னது தப்பு என்று மாமனாரின் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது? அவர் இருந்த இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பரவாயில்லை, வரும்வரை காத்திருக்கிறேன், கோப்பையை என் கையாலேயே கொடுக்க வேண்டும் என்றேன். அந்த நேரம் போகட்டும் என்றுதானோ என்னவோ, வாங்க மாமா, நெஜப் படக காட்டறேன் என்று ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார்.

அங்கேதான் அவர் எவ்வளவு பேசுவார் என்று எனக்குத் தெரிந்தது. படகைப் பற்றி என்றால் அவருக்குக் கூச்சம் இல்லை. இரண்டு படகுக்கும் உடம்பு ஒரே அச்சில் எடுத்தது, உள்ளே வைப்பதும் மேலே நடுவதும் கீழே தொங்குவதும்தான் வேறு என்றார். உயரப் பாய்மரம் நிறையக் காற்றைப் பிடிக்கும். அத்தனை காற்றுக்கும் படகு கவிழாமல் இருக்க, கீல் ஆழமாக இறங்கி அதன் நுனியில் ஈயம் கனக்க வேண்டும். ஆழக் கீல் இருந்தால் கரைக்குப் பக்கத்தில் வர முடியாது, தரை தட்டிவிடும். இரண்டு குட்டைக் கீல் உள்ளது மெதுவாகத்தான் போகும், ஆனால் தண்ணீர் வற்றினால் சேற்றிலேயே நேராக நின்றுகொள்ளும். அப்படி ஒன்று எங்கள் எதிரிலேயே நின்றது. என் மேசைமேல் நின்ற மாதிரியே நின்றது. எனக்கு ஏதோ தெரிந்தவரைப் பார்த்ததுபோல் இருந்தது.

கரையில் தாங்கிமேல் ஏற்றி வைத்திருந்த ஒரு ரேஸ் படகுக்குள் ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தேன். நனைந்த பாய் மூட்டைகளைத் தவிர ஒன்றுமில்லை. தேவையில்லாத ஒரு ஆணி இருந்தாலும் அது சுமை, ரேஸ் படகில் அதற்கு இடம் கிடையாது என்றார். சில பேர் பல் தேய்க்கும் பிரஷின் காம்பையே பாதியாக வெட்டிக்கொண்டு வருவார்களாம்.

சேற்றில் நின்ற படகுக்குள் ஏறினோம். சின்ன அடுப்பு ஒன்று இரண்டு பக்கமும் கொக்கியில் தொங்கியது. படகு சாய்ந்தாலும் அது சாயாமல் இருக்கும், குழம்பு கொட்டாது. அதை விரலால் ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். மூலையில் ஒரு ஆள் மடங்கி உட்காரும் அளவுக்குக் கக்கூஸ். அந்தப் படகு முழுவதிலும் எனக்குத் தெரிந்த பொருள் அது ஒன்றுதான். நல்ல பீங்கான். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். கணீரென்று சத்தம் வந்தது, சரியாக வெந்திருக்கிறது. பிறகு முன்பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன். எனக்கே கால் நீட்ட முடியாத நீளம்.

"குரூஸ் சாரு எத்தினி ஒசரங்க? இதுல எப்படிப் படுக்கறாரு?"

மாப்பிள்ளை கூரையைத் துளைத்து உள்ளே இறங்கியிருந்த பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நடுத்தர ஒசரந்தாங்க மாமா. மடக்கிக்குவாருங்க."

அந்த மனிதரின் மூட்டு வலிக்கு இது ஆகாதே என்று நான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தபோது என் மகள் வந்துவிட்டாள். பரிசளிப்பைப் பார்க்க மதிய பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தாள். கொட்டகையில் பெட்டியைப் பார்த்துவிட்டு நேராகக் கரைக்கு வந்து படகில் ஏறியிருந்தாள். கையில் ஒரு படகு இருந்தது. அவள் யாருக்கும் கூச்சப்படுகிறவள் இல்லை. அவள் அம்மா குணம்.

"அப்பா, யாருப்பா குரூஸ் அய்யா?"

கிளப்பில் பெரிய மனிதர், வெளியே போயிருக்கிறாராம், மாப்பிள்ளை சொன்னார் என்றேன். மகள் அவரைப் பார்த்தாள். அவர் அடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, குரூஸுன்னா ஆளு இல்லப்பா. ரேஸுன்னா போட்டி போட்டுக்கினு ஓடறது. குரூஸுன்னா சமைச்சி சாப்டுக்கினு, தூங்கிக்கினு, சும்மா கடல்ல சுத்தறது. இங்கிலீஸு வார்த்த. இவுரு சொல்லலியா ஒனக்கு?"

எனக்குப் படகு சேற்றில் இன்னும் கொஞ்சம் இறங்கியது போல இருந்தது. அவள் எங்கள் இருவரையும் நிறுத்திவைத்துக் கேட்டாள். தெரியாவிட்டால் கேட்பதற்கு என்ன என்று என்னை. தப்பு என்றால் சொல்வதற்கு என்ன என்று அவரை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். மரியாதை என்றேன் நான் மெல்ல. ஆமாங்க என்றார் மாப்பிள்ளை. அந்த மரியாதையில்தான் தன் வீடு போகப் போகிறது என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது. எனக்கு ஒரு மாதமாகக் கூடவே இருந்த குரூஸ் சார் இல்லாமல் போனதும் ஒரு பக்கம் துக்கமாகத்தான் இருந்தது. அதை வெளியில் சொல்ல முடியுமா?

எழுத்தை அழிக்க வழியில்லை. பெயிண்ட் பூசி மறைக்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டார். கிளேஸ்மேல் பெயிண்ட் நிற்காது, உரிந்துவரும் என்றேன். பேசிக்கொண்டே கொட்டகைக்குத் திரும்பினால், செக்ரட்டரி ஏற்கெனவே அங்கே நின்று படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வெளி மாநிலத்துக்காரர். தமிழ் பேசுவார், எழுத்து மட்டும் தெரியாது. படகைக் கையில் எடுத்து, பாயின் புடைப்பைத் தடவி, கீலைத் தட்டிப் பார்த்தார். பிடித்திருந்தது என்று முகத்தில் தெரிந்தது. பிறகு பின்பக்கத்தைத் திருப்பினார்.

"இவ்வளவு நீளமா என்ன எழுதியிருக்கு? குரூஸ்னா சின்ன வார்த்தைதானே?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் வைக்கோலைப் பார்த்தேன். என் மகள் தன் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மரியாதையா எழுதியிருக்குதுங்க சார்" என்றார் மாப்பிள்ளை. "குரூஸ் போற பெரியவங்களுக்குன்னு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யோசித்துப் பார்த்தால் அதில் பொய் ஒன்றும் இல்லை. செக்ரட்டரியின் முகம் விரிந்தது. குரூஸ் படகுக்காரர்கள் வருடா வருடம் வந்து, ரேஸ்காரர்களுக்கு இருக்கிற மதிப்பு எங்களுக்கு இல்லையா என்று அவரிடம் சண்டை போடுகிறார்களாம். இந்த வருடம் அவர்கள் வாயைத் திறக்க முடியாது என்று சிரித்தார். எனக்கு மூச்சு வந்தது. அதற்குள் அவர் ஒரு ரேஸ் படகை எடுத்துத் திருப்பினார்.

"இதுல சின்னதா இருக்கே. இவங்களுக்கு மரியாதை இல்லையா?"

மாப்பிள்ளையிடம் இருந்த பேச்சு முடிந்துவிட்டது. தெரியும் எனக்கு, அந்த நிலைமை. வாயைத் திறப்பார், காற்றுதான் வரும். ரேஸ்காரர்கள் சாயங்காலம் இதைப் படிக்கப் போகிறார்கள், அவர்கள்தான் கிளப்பில் பெரிய கை. மகளின் பக்கம் திரும்ப எனக்குத் துணிவில்லை. எங்கிருந்தோ ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

"ரேஸ் படகுல தேவையில்லாத ஒரு ஆணிகூட சுமைன்னு மாப்ள சொன்னாருங்க. அதான் அய்யாவ வைக்கலிங்க."

செக்ரட்டரி சிரிக்கவில்லை. படகை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். சரிதான் என்பது போலத் தலையை ஆட்டினார். பிறகு மாப்பிள்ளையிடம், இவருக்குப் படகைப் பற்றியெல்லாம் நீயா சொன்னாய் என்று கேட்டார். மாப்பிள்ளை ஆமாங்க சார் என்றார். கீலு, பாயி, அடுப்பு எல்லாம் சொன்னாருங்க என்றாள் என் மகள், யாரும் கேட்காமலே.

"ஸ்டோர்ல இருக்கிறவன் வர்றவங்களுக்கு விளக்கம் சொல்லணும். நீ வாயே திறக்க மாட்டேன்னுதான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார் செக்ரட்டரி. "திங்கட்கிழமை சாவி வாங்கிக்கோ."

என் மகள் அந்த டீக்கோப்பையை என் பையில் இருந்து எடுத்துக்கொண்டாள். இனிமேல் அவள் வீட்டுச் சமையலறைக்கு அது முதல் சாமானாம்.

சாயங்காலம் பரிசளிப்பு நடந்தது. நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ரேஸில் ஜெயித்த ஒரு டாக்டர் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, எங்களுக்கு அய்யா இல்லையா என்று மைக்கிலேயே கேட்டார். செக்ரட்டரி ஆணிக் கதையைச் சொன்னார். டாக்டர் ஏற்றுக்கொண்டார், ஆனாலும் குரூஸ்காரர்கள் பரிசு வாங்கும்போது ஒவ்வொரு படகின் எழுத்தையும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். குரூஸ் படகுகளுக்கென்று தனியாக வைத்த ஓட்டத்தில் கடைசியாக வந்ததற்கும் ஆறுதல் பரிசு உண்டு. அதற்குப் பருமனான ஒரு பெரியவர் எழுந்தார். மூட்டு வலி போலிருக்கிறது, நாற்காலியின் கையைப் பிடித்துத்தான் எழ முடிந்தது. மனைவி கூடவே வந்தார். படகை இரண்டு கையாலும் வாங்கி, எழுத்தை மெதுவாக வாய்விட்டுப் படித்து, மேடையைப் பார்த்துக் கும்பிட்டார். அக்கா சொன்ன ஆள் அச்சு அசல் இவர்தான். நான் தூணுக்குப் பின்னால் இருந்தே பதிலுக்குக் கும்பிட்டேன்.

பரிசளிப்பு முடிந்து என்னை பஸ் ஏற்ற மாப்பிள்ளை கூட வந்தார். வழக்கம்போல இரண்டு பேரும் ரோட்டின் இரண்டு ஓரத்தில் நடந்தோம். பாதி தூரம் போனதும் அவர் என் பக்கம் வந்தார்.

"மாமா, ஒன்னு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க மாப்ள."

"குரூஸுக்குப் பாயி கொஞ்சம் பெருசுங்க. ரேஸுக்குப் போட்ட பாயவே வச்சிட்டீங்க. நெஜத்துல அப்படி இருந்தா சாஞ்சிடும்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் சொல்வது சரி. ஒரே அச்சில் எடுத்த பாய்தான். அப்படிங்களா என்றேன். அவ்வளவுதான், அணை உடைந்தது. சுக்கான் ரொம்பச் சிறிது, அதை வைத்துக்கொண்டு படகைத் திருப்பவே முடியாது. ஜன்னல் ஒரு பக்கம்தான் இருக்கிறது. ரேஸ் படகின் கீல் ஒரு நகம் முன்னால் போய்விட்டது. ஈயக் குண்டு உருண்டையாக இருக்கிறது, நீளவாட்டில் இருக்க வேண்டும். ஒரு மாதமாகப் படங்களைப் பார்த்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சொன்னார். ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒரு மாமா போட்டுத்தான் சொன்னார்.

பஸ் வந்தது. நான் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரட்டைக் கீலை நேராக இறக்கக் கூடாது, கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்க்க வேண்டும் என்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பஸ் நகர்ந்தது. அவர் கூடவே நடந்தார். ஏறுறதுன்னா ஏறுய்யா என்று கண்டக்டர் சத்தம் போட்டதும் ஏறிவிட்டார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்வதாக என்னிடம் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அடுத்த நிறுத்தம் வந்து போனபோது அவர் கீலை முடித்துவிட்டுக் கக்கூஸுக்கு வந்திருந்தார். கடலூரில்தான் இறங்கினார்.